கிட்டப் பக்கத்துச் சுரை

உங்கள் மகள் நேற்று என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்காமல் நின்றார். நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது என்றார். பிறகு கைப்பையிலிருந்து பழைய கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அவிழ்க்க முன்பே கிறீஸ் மணத்தது. உள்ளே சிறகுபோல இரண்டு செட்டையுள்ள பித்தளைச் சுரை. காரின் கம்பிச் சில்லு அச்சைவிட்டுக் கழன்று போகாமல் நடுவில் நின்று இறுக்கிப் பிடிக்கிற சுரை. அதன் நெற்றியில் ஓர் அம்புக்குறியும் இரண்டு ஆங்கிலச் சொற்களும்: நியர் சைட்.

பதினைந்து வருடமாக நீங்கள் அதற்குக் கிறீஸ் பூசி வைத்திருந்திருக்கிறீர்கள்.

தொடங்க முன் ஒரு திருத்தம். நாம் இருவரும் ஒரே வயது. நீங்கள் என்னை 'நீங்கள்' என்றீர்கள். நான் உங்களை 'நீ' என்றேன். நான் கந்தோரில் பேனை பிடித்த கிளாக்கர், நீங்கள் காருக்குக் கீழே படுத்தவர் என்பதைத் தவிர அதற்கு வேறு இலக்கணம் இருக்கவில்லை. இப்போது 'நீங்கள்' என்று எழுதுகிறேன். மரியாதை கொடுப்பதற்கு மிகவும் வசதியான காலத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறேன்.

புளியங்குளத்து அரிசி மில் முதலாளி அந்தக் காரை, சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு தோட்டத் துரையிடம் வாங்கினார். உலக யுத்தத்துக்கு முந்திய திறந்த கார். காருக்குரிய கம்பிச் சில்லுகளைக் கழற்றிவிட்டு யாரோ தகரச் சில்லுகளைப் பூட்டியிருந்தார்கள். கம்பிச் சில்லுகளும் அவற்றைத் தாங்கும் குடங்களும் சுரைகளும் தனியாக ஒரு மரப்பெட்டியில் வந்தன. முதலாளிக்குக் காரைவிடப் பெட்டியில்தான் ஆசை. கம்பிச் சில்லு சுற்றும்போது வெயிலில் மினுங்கும். முதலாளிக்கும் மினுங்க வேண்டியிருந்தது. நெடுங்கேணிப் பக்கம் அவர் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்தைத் திறந்துவைக்க ஒரு பெரிய துரை ரயிலில் வருவதாக இருந்தது.

"துரையை ஸ்ரேசனிலை ஏத்திப் பந்தலிலை இறக்கு. அடுத்த நாள் கராஜ் திறப்பு உன்ரை கையிலை," என்று முதலாளி உங்களிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். மில்லோடு சேர்ந்து ஒரு கராஜ் கட்டிக்கொண்டிருந்தார், அதன் சாவியைத்தான் சொன்னார். அதை நம்பி நீங்கள் முல்லைத்தீவிலிருந்து மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிவந்து, மில்லுக்குப் பின்னால் ஓர் அறையில் இருத்தியிருந்தீர்கள். தமையனின் வள்ளத்தில் இனிக் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவர் நீங்கள்.

கம்பிச் சில்லுக்கு ஏற்ற அளவு ரயர் கொழும்பிலும் இல்லை. எங்கெங்கோ அலைந்து ஐந்து கிழட்டு ரயர்களைக் கொண்டுவந்தீர்கள். உள்ளே துருத்தி நின்ற கம்பித் தலைகளை ஒவ்வொன்றாக அரத்தால் ராவினீர்கள். அவை ரியூபைக் குத்தாமலிருக்க ஒரு லொறி ரியூபை நாடாவாக வெட்டிச் சுற்றினீர்கள். அதன்மேல் பவுடர் பூசினீர்கள். முதலாளியின் மனைவி வாசலுக்கு வந்து, "என்ரை பவுடர் பேணியைக் கண்டனீரோ?" என்று கேட்டார்.

"சில்லுக்குப் பூசினனான், அம்மா. அதுவும் சபைக்குப் போற சில்லுத்தானே."

பிறகு சவர்க்காரத் தண்ணீர் தடவி ரயரை ஏற்றினீர்கள். கம்பிகளைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தீர்கள். "ஒரு கம்பி சோம்பினா மற்றக் கம்பியள் முறியும், கிளாக்கர்," என்றீர்கள். கந்தோரைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடைசியில் சுரைகள். நான்கில் இரண்டு வலப்பக்கம் திருப்ப இறுகின. இரண்டு இடப்பக்கம் திருப்ப இறுகின. அவை காரின் எந்தப் பக்கத்துக்கு உரியவை என்று தெரிந்தால் குடங்களையும் அதன்படி பூட்டலாம். இரண்டில் நியர் சைட் என்றும் மற்ற இரண்டில் ஓஃப் சைட் என்றும் எழுதியிருந்தது. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு ஒரு சுரையை என்னிடம் நீட்டினீர்கள்.

"இதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ, கிளாக்கர்."

"நியர் சைட். கிட்டப் பக்கம்."

"ஆருக்குக் கிட்ட?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. ஆனால் முதலாளி பக்கத்தில் நின்றார். துரைக்கு ஆங்கிலத்தில் வரவேற்புப் பத்திரம் எழுதும் பொறுப்பை அன்று காலைதான் என்னிடம் தந்திருந்தார். தெரியாது என்ற சொல்லை அப்படிப்பட்ட நாளில் ஒருவன் சொல்ல முடியாது.

"ஓடுறவனுக்குக் கிட்ட. அதாவது றைவர் இருக்கிற வலப்பக்கம்."

நீங்கள் பூட்டினீர்கள். சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தீர்கள். உங்கள் முகம் சரியாக இல்லை.

"கிளாக்கர், ஆமிக்காரற்றை ஒரு கார் இப்பிடிச் சுரையோடை பாத்தனான். அதிலை முன்பக்கமாத் திருப்பினாத்தான் கழரும். இதிலை பின்பக்கமாத் திருப்பக் கழருது. இடம் வலம் மாறிக் கிடக்கோ?"

"நீ சொல்லுறது சரியோ, வெள்ளைக்காரன் எழுதினது சரியோ?"

முதலாளி சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். "வெள்ளைக்காரன்தான், கிளாக்கர்," என்றுவிட்டுப் பாலை மரக் கொட்டனால் ஒவ்வொரு செட்டையிலும் ஓங்கி அடித்து இறுக்கினீர்கள். முதற் சில்லில் பெருவிரலால் சிலுவை போட்டீர்கள். மில் வளவுக்குள் இரண்டு சுற்று ஓடிக் காட்டினீர்கள். ஒன்றும் நடக்கவில்லை.

இனி எழுதப்போவதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத் திறப்புவிழா அன்று காலை கந்தோரில் பத்திரத்தை நேர்படி எழுதிக்கொண்டிருந்தேன். 'நெசசரி' என்ற சொல்லுக்கு எத்தனை 'எஸ்' என்ற சந்தேகம் வந்தது. அகராதியை எடுத்தேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் மேலேதான் 'நியர்' இருக்கிறது. அதன் கீழே சிறிய எழுத்தில் நியர் சைட்: குதிரையில் ஏறுபவன் நிற்கும் பக்கம், வண்டியின் இடப்பக்கம்.

வெள்ளைக்காரனுக்குக் கிட்ட இருந்தது றைவர் அல்ல, குதிரை.

ரயில் வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. மில் கூப்பிடு தூரம். நான்கு சில்லையும் கழற்றிக் குடங்களை மாற்ற முடியாவிட்டாலும், காரை நிற்பாட்டி வேறு வாகனம் பிடித்திருக்கலாம். ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால், துரைக்கு ஆங்கிலம் எழுதுகிற கிளாக்கருக்கு நியர் என்றால் என்னவென்று தெரியாது என்பதும் தெரிந்துவிடும். இறுக்கி அடித்த சுரை ஆறு கட்டைத் தூரம் தாங்கும் என்று எனக்கு நானே சொன்னேன். அன்று காரில் எனக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பத்திரத்தைப் பந்தலில் வைத்துச் சரிபார்க்க வேண்டுமென்று சொல்லி அனுப்பிவிட்டு, நான் சைக்கிளில் முன்னே போய்விட்டேன்.

இதை இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். சுரை தாங்கும் என்று நம்பியவன் எதற்காகச் சைக்கிளில் போனான்?

பந்தலுக்கு முதலில் வந்தது சில்லுத்தான். வளைவைத் தாண்டி, வெயிலில் மினுங்கிக்கொண்டு, மிகவும் நிதானமாக உருண்டு வந்தது. மோட்டார் வருகிறது என்று எவனோ கத்த நாதஸ்வரக்காரர் தொடங்கிவிட்டார். தலைமையாசிரியர் மாலையோடு இரண்டடி முன்னே போனார். சில்லு பந்தற்காலில் முட்டி, ஒருமுறை சுழன்று, அவர் காலடியில் படுத்தது.

கொஞ்ச நேரத்தில் துரை நடந்து வந்தார். காயம் இல்லை, தொப்பியில் மட்டும் சேறு. பின்னால் முதலாளி. அதற்கும் பின்னால் நெற்றியில் இரத்தம் வழிய நீங்கள். கார் வலப்பக்கம் சரிந்து வாய்க்காலுக்குள் கிடந்தது. ஸ்ரேறிங்கை நீங்கள் விட்டிருந்தால் மூவரும் அதற்கு அடியில் கிடந்திருப்பீர்கள்.

"ஆரடா சில்லுப் பூட்டினது?" முதலாளி எல்லோர் முன்னும் கேட்டார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வரவேற்புப் பத்திரத்தைப் பார்த்தேன். அதில் நெசசரி சரியாக எழுதப்பட்டிருந்தது.

"நான்தான் முதலாளி பூட்டினனான்."

பிறகு நான் பத்திரத்தை வாசித்தேன். துரை என் உச்சரிப்பை மெச்சினார். நான் வாசித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்த வழியே திரும்பி நடந்து, பற்றைக்குள் சுரையைத் தேடியிருக்கிறீர்கள்.

கராஜ் திறப்பு வேறொருவன் கைக்குப் போனது. ஊர் உங்களுக்கு 'மூண்டு சில்லு' என்று பேர் வைத்தது. பஸ்காரர், லொறிக்காரர் எவரும் பிறகு உங்களிடம் ஒரு சில்லைத் தரவில்லை. ஒரு மாதத்தில் பெட்டி படுக்கையோடு முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினீர்கள். தமையனின் வள்ளத்தில் மறுபடி கால் வைத்தீர்கள். நான் வழியனுப்ப வந்தேன். "ஏதும் உதவி தேவையெண்டாக் கடிதம் போடு," என்று, எழுதத் தெரியாத உங்களிடம் சொன்னேன்.

நீங்கள் கடிதம் போடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை யாரிடமாவது எனக்குப் பாரைக் கருவாடு கொடுத்தனுப்பினீர்கள். உங்களுக்கு உண்மை தெரியாததால்தான் அனுப்புகிறீர்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு கருவாடு நன்றாகவே இறங்கியது.

நேற்று உங்கள் மகள் நின்றபடியே பேசினார்.

"அப்பா குடுக்கச் சொல்லேல்லை, ஐயா. றங்குப்பெட்டிக்குள்ளை கிடந்தது. நானாத்தான் கொண்டந்தனான். இதிலை எழுதியிருக்கிறதுக்கு என்ன கருத்து?"

அதே கேள்வி இரண்டாம் முறை. பக்கத்தில் முதலாளி இல்லை.

"இடப்பக்கம், பிள்ளை."

"ஓம். கொன்வென்ரிலை எங்களுக்கும் அப்பிடித்தான் படிப்பிச்சவை. அண்டைக்கே வீட்டை போய் அப்பாட்டைச் சொன்னனான்."

"எப்ப?"

"எட்டாம் வகுப்பிலை. இப்ப ஏழு வருசம்."

ஏழு வருடம். ஏழு கருவாடு.

"அப்பா என்ன சொன்னவர்?"

"கனநேரம் சிரிச்சவர். பிறகு, 'கிளாக்கருக்குச் சொல்லிப்போடாதை, மனுசன் வெக்கப்படும்' எண்டவர்."

அவர் போய்விட்டார். அகராதியைப் பற்றியோ சைக்கிளைப் பற்றியோ நான் வாய் திறக்கவில்லை. பதினைந்து வருடப் பழக்கம் ஒரு பின்னேரத்தில் விடாது. நீங்கள் அறியாமையை மன்னித்தீர்கள். அது அறியாமை அல்ல என்று உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

வாசிக்க முடியாத ஒருவருக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டு மடல் எழுதுவது என் குணத்துக்குப் பொருத்தம்தான். அதனால் இதை நாளைக் காலை பஸ்ஸில் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய் உங்கள் மகளின் கையில் கொடுக்கப் போகிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியும். வாசித்து முடியும்வரை அங்கேயே நிற்பேன். கதிரை தந்தாலும் இருக்க மாட்டேன்.

சுரையை மட்டும் திருப்பிக் கொடுக்கமாட்டேன். அது என் மேசையில், பேனை பிடிக்கிற கைக்குக் கிட்டப் பக்கத்தில் இருக்கும்.