இழுவைத் திறன்: பூஜ்யம்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் குழந்தையும் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க மாட்டேன், கேட்டால் பொய்தான் சொல்வாய். போனில் பேசினால் நீயும் உன் மாமாவும் இரண்டாவது நிமிஷமே முட்டிக்கொள்கிறீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

உன் மாமா வாங்கிய கரண்டு வண்டி வந்துவிட்டது. பார்க்க அவ்வளவு சின்னது, உன் மருமகள் அதற்குச் ‘சுண்டெலி’ என்று பேர் வைத்துவிட்டாள். மலைமேல் இருக்கும் தண்ணீர் கம்பெனியில் கேன் ஏற்றி, கீழே கடைகளில் இறக்குவதுதான் வேலை. ராத்திரி வண்டி கம்பெனியிலேயே நிற்கும், சார்ஜ் அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

இதற்குள் முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறார். ஒரு நடைக்கு இரண்டு பங்கு கேன் இறக்க வேண்டுமாம், முடியாவிட்டால் பெரிய லாரிக்காரனுக்குக் கொடுத்துவிடுவாராம். வேலை போனால் எங்களுக்கு வேறு போக்கில்லை. பின்னால் ஒரு டிரெய்லர் மாட்டலாம் என்கிறார் உன் மாமா. அதற்குக் கொக்கி வைக்க உங்கள் வண்டிச் சோதனை ஆபீஸில் அனுமதி வேண்டுமாமே? நீ அங்கேதானே குப்பை கொட்டுகிறாய். என் தம்பி இருக்கும்போது என்ன கவலை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். என் பேச்சைக் காப்பாற்று.

உன் அக்கா

பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டேன். பொய் இல்லை.

மாமா வண்டியின் பதிவை எடுத்துப் பார்த்தேன். அது சிறு நாற்சக்கர வகை. எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதை வண்டி செய்தவர்களே எழுதித் தர வேண்டும். இந்த வண்டிக்கு ‘இழுவைத் திறன்’ என்ற இடத்தில் பூஜ்யம் என்று போட்டிருக்கிறார்கள். குறைவு என்று இல்லை, பூஜ்யம். இழுக்க வேண்டுமென்றால் இதற்கு அடுத்த வகை வண்டியை வாங்கியிருக்க வேண்டும், டிரெய்லருக்கும் தனி பிரேக் இருக்க வேண்டும். இந்த வகைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது.

கோபித்துக்கொள்ளாதே. மருமகளுக்கு என் முத்தம்.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாகவே படித்துக் காட்டினேன். உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “பூஜ்யமா? உன் தம்பிய ஒரு தடவ இங்க வந்து பாக்கச் சொல்லு” என்றார்.

சொன்னதோடு விடவில்லை. பட்டறைக்காரரிடம் ஒரு டிரெய்லர் இரவல் வாங்கி, நிறையக் கேன் அடுக்கி, கீழிருந்து கம்பெனி வாசல்வரை ஏற்றிக் காட்டினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் வண்டியெல்லாம் திணறுகிற மேட்டில் சுண்டெலி முக்கவும் இல்லை, முனகவும் இல்லை. நான் கண்ணால் கண்டது பொய், உன் காகிதத்தில் இருப்பதுதான் நிஜமா?

ஊரில் யார் யாரோ யார் யாருக்கோ உதவுகிறார்கள். எனக்கு வாய்த்த தம்பி மட்டும் ஆத்திர அவசரத்துக்கு ஆகாதவன். உன் மாமா உனக்கு வைத்திருக்கிற பேர் தெரியுமா? ‘சட்டம்’. “சட்டம் என்ன எழுதியிருக்கு?” என்றுதான் கேட்கிறார். எனக்கு அவமானமாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 10

அக்கா,

வண்டி இழுப்பது வேறு, இழுக்க அனுமதி இருப்பது வேறு. வகை வகைதான். நீ எத்தனை கடிதம் எழுதினாலும் பூஜ்யம் மாறாது. தவறான வகையில் கையெழுத்துப் போட்டால் என் வேலை போய்விடும், அதையும் கொஞ்சம் யோசி.

இதற்குமேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
சட்டம்

ஏப்ரல் 21

தம்பிக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் எனக்கு எதுதான் செரிக்கும்?

நீ கைவிட்டாய், நாங்கள் கெட்டுப்போகவில்லை. ஒரு தரகர் வண்டியைத் தோட்ட வேலை வகைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அதில் இழுவையைப் பற்றி யாரும் கேட்பதில்லையாம். பட்டறைக்காரர் கொக்கி மாட்டிக் கொடுத்தார். இந்த மாதம் முழுக்க டிரெய்லரோடுதான் ஓட்டம். முதலாளி வாயெல்லாம் பல். உன் மாமா வீட்டுக்கு வரும்போதே பாடிக்கொண்டு வருகிறார், கழுதைக் குரலில்.

காலையில் முதல் நடை இறங்கும்போது மட்டும் வண்டி பிடிக்க மாட்டேன் என்கிறதாம், பிரேக்கை ஏறி மிதிக்க வேண்டியிருக்கிறது என்கிறார். மற்ற நடைகளில் காலை எடுத்தாலே தானாக மெதுவாகிவிடுமாம். “காலைல சுண்டெலிக்குத் தூக்கம் தெளியறதில்ல” என்று சிரிக்கிறார். உன்னிடம் சொல்லி என்ன, இதெல்லாம் உன் வகையில் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் இருந்தாலும் அக்கா அக்காதான்.

ஏப்ரல் 25

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. உனக்கும் மாமாவுக்கும் மாறி மாறி அடிக்கிறேன், எடுக்கவில்லை. மெசேஜையும் பார்க்கவில்லை. கம்பெனி நம்பர் என்னிடம் இல்லை. இதைக் கூரியரில் போட்டுவிட்டு, கிடைக்கிற முதல் பஸ்ஸில் நானே கிளம்புகிறேன்.

மாமாவிடம் உடனே சொல். கரண்டு வண்டி இறக்கத்தில் நிற்பது பிரேக்கால் மட்டுமில்லை. காலை எடுத்ததும் மோட்டாரே பேட்டரிக்குக் கரண்டு ஏற்றும், அந்த இழுப்புதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பேட்டரி முழுசாக நிறைந்திருந்தால் ஏற்ற இடமில்லை, நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? அப்போது மோட்டாரின் பிடிப்பு கிடையாது. மிச்சம் இருப்பது சின்ன வண்டிக்குப் போட்ட சின்ன பிரேக். பின்னால் பிரேக்கே இல்லாத டிரெய்லர் தள்ளும். ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏறியதால்தான் காலையில் பிடிக்கவில்லை. தூக்கக் கலக்கம் இல்லை அக்கா.

ஏற்றத்துக்காகப் போட்ட பூஜ்யம் இல்லை அது. இறக்கத்துக்காகப் போட்டது.

மாமா என்னை என்ன வேண்டுமானாலும் திட்டட்டும். நாளைக் காலையில் டிரெய்லரோடு இறங்க வேண்டாம். உன் காலில் விழுகிறேன்.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

அன்றைக்கு நீ வந்து வாசலில் நின்றாய். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. உன் கூரியர் வந்தபோதும் வீடு நிறையத் துக்கத்துக்கு வந்த ஆட்கள். பிரிக்காமலே வைத்திருந்து நேற்றுத்தான் படித்தேன்.

முந்தின நாள் நீ கூப்பிட்டபோது போன் அவர் கையில்தான் இருந்தது. “சட்டம் கூப்பிடுது. இப்ப எடுத்தா சோறு எறங்காது” என்று கவிழ்த்து வைத்தார். நானும் சிரித்துக்கொண்டே என் போனைக் கவிழ்த்தேன். காலையில் மூன்றாவது வளைவில் பிரேக் தீய்ந்துபோய், டிரெய்லர் வண்டியை முந்திக்கொண்டு திரும்பியதாம். கேன்கள் ரோடெல்லாம் உருண்டு கிடந்தன என்றார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நீ சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ தப்பாகச் சொல்லியிருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

பூஜ்யம், வகை, கையெழுத்து என்று எத்தனை எழுதினாய்! பேட்டரி நிறைந்தால் வண்டி பிடிக்காது என்று பிப்ரவரியில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அந்த மனுஷன் சட்டத்தைக் கேட்க மாட்டார். வண்டியைப் பற்றிச் சொன்னால் சின்னப் பிள்ளை சொன்னாலும் கேட்பார். உனக்கு அது தெரியும்.

கம்பெனியில் இதே மாதிரி இன்னொரு வண்டி வாங்கியிருக்கிறார்கள். எங்கள் கொக்கியைக் கழற்றி அதில் மாட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து புது டிரைவர் வருகிறான். அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். நானே போய்ச் சொன்னேன். “ஏத்தத்துல ஓட்டிப் பாத்துட்டேங்க்கா, சும்மா அள்ளிக்கிட்டுப் போகுது” என்று சிரிக்கிறான். அதே சிரிப்பு தம்பி.

நீ திங்களுக்கு முன்னால் வா. டிரெய்லர் இல்லாமல், முழுச் சார்ஜில் அவனை ஒரு வளைவு மெதுவாக இறங்கச் சொல். அப்புறம் பாதிச் சார்ஜில் இறங்கச் சொல். அவன் காலுக்கே வித்தியாசம் தெரியட்டும். வகையைப் பற்றி வாயைத் திறக்காதே.

முடிந்ததும் நேராகப் போய் பஸ் ஏறிவிடு. வீட்டுப் பக்கம் வராதே. வந்து நின்றால் நான் கதவைத் திறந்துவிடுவேன்.

அக்கா