அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

ஹயலியா, மயாமி

அன்புள்ள ரோலாண்டோ,

இங்கே நானும் என் முழங்கால் வலியும் பூனையும் சுகம். லாஸ் ஏஞ்சலஸில் உன் உடம்பும் தொண்டையும் எப்படி இருக்கின்றன? சமையலறைக் கூரை ஒழுகியதை உன் மாமா வந்து அடைத்துக் கொடுத்தார், ஒழுகல் இப்போது படுக்கையறைக்கு வந்துவிட்டது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய், சொல்கிறேன்.

போன சனிக்கிழமை எதிர்வீட்டு ஓதிலியாவின் பேத்திக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் விழா. பெண் குழந்தை இளவரசி மாதிரி கவுன் போட்டு நிற்கிறாள், சுற்றி ஆட வந்த பையன்கள் பாதிப்பேர் சட்டையில் அந்தப் பழைய கடத்தல் சினிமாவில் கியூபாக்காரனாக வரும் கொலைகாரன் மூஞ்சி. நாற்பது வருஷமாயிற்று, சனியன் இன்னும் ஒழியவில்லை. பனியனில் அவன், பாட்டில் அவன், பேக்கரி சுவரில்கூட அவன். நாங்கள் படகில் வந்து இறங்கிய மூன்றாம் வருஷம் அந்தப் படம் வந்தது, படகில் வந்த கியூபாக்காரன் என்றால் கடத்தல்காரன் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தது. வீடு கேட்டுப் போன இடத்தில் வீட்டுக்காரி உன் அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, "பெட்டிக்குள்ள துப்பாக்கி ஏதும் இல்லையே?" என்று கேட்டாள். பெட்டியில் இருந்தது மாவு சலிக்கும் சல்லடை. பதினாலு வயதில் நீ அவன் படத்தை உன் அறையில் ஒட்டினாய், அப்பா கிழித்துப் போட்டு, "யாருடா இவன், நம்ம ஊர்க்காரனா? இப்படி எந்தக் கியூபாக்காரன்டா பேசுறான், வாய்ல சுடுகிழங்கை வச்சுக்கிட்டு?" என்று கத்தினாரே, மறந்துவிட்டதா?

விழாவில் திடீரென்று நீ பாடிய புதுப் பாட்டைப் போட்டார்கள். நடுவில் என் குரல். "ரோலி, அப்பாவத் தூக்கிட்டுப் போயிட்டாங்கடா, சீக்கிரம் வாடா" என்று நான் அழுகிறேன். உடனே அந்தப் படத்துத் துப்பாக்கிச் சத்தம் தடதடவென்று. பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கிக் கத்தி ஆடுகிறார்கள். ஒருத்தன் என்னிடமே வந்து, "செம அம்மா வாய்ஸ் ஆன்ட்டி, அவங்க அப்பாவ எதிர் கோஷ்டி போட்டுடுச்சு" என்று விளக்கம் சொன்னான். கேக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சீச்சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மனுஷன் உன் அப்பா. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், நீ போன் எடுக்கவில்லை, உன் போனின் குரல் பதிவில் அழுதுவிட்டு வைத்தேன். பிறகு நீ, "உன் குரலை அழிக்க மனசு வரலம்மா, பத்திரமா வச்சிருக்கேன்" என்றாய். என் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று கோயிலில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிப் பூரித்தேனே, என் வாயில் மண். இதற்குத்தானா பத்திரப்படுத்தினாய்? முப்பது வருஷம் விடிய எழுந்து கொய்யா பப்ஸ் சுட்டவரை உலகம் கேட்கக் கேட்கத் தாதாவாக்கிவிட்டாய். ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை மெல்லத்தான் தூக்கினார்கள் ரோலாண்டோ, போட்டுத் தள்ளினது நீ.

உன் நண்பர்கள் இதைக் கலை என்பார்கள். படத்தைப் பார்த்துப் பாட்டு, பாட்டைக் கேட்டுப் பையன்கள், அவர்களைப் பார்த்து இன்னொரு படம். எச்சில் இலையை எத்தனை பேர்தான் நக்குவது? நான் சொல்வது ஒன்றுதான். செப்டம்பரில் அப்பாவுக்கு நினைவுத் திருப்பலி, அதற்குள் என் குரலை அந்தப் பாட்டிலிருந்து எடுத்துவிடு. அதுவரை கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். எடுத்தால் அதையும் பதிவு செய்வாய்.

கரிதாத் மாதா உன்னைக் காப்பாற்றட்டும், நல்ல புத்தியும் கொடுக்கட்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. தினமும் போனில் கேட்பதை இன்றைக்குக் காகிதத்தில் கேட்கிறேன், இதற்குச் சத்தம் இல்லை, உனக்கு உதவாது: சாப்பிட்டாயா?

உன் அம்மா,
நீல்டா