ஓடைக்கு அப்பால் போகும் வண்டி

12-10-2008, ஞாயிறு

காலை முதல் தூறல். மலை தெரியவில்லை. நேற்று மாலை கொரியரில் வந்த இரண்டு விளக்கப் புத்தகங்களையும் இன்று முழுமையாகப் படித்து முடித்தேன். அச்சுப் பிழைகள் உட்பட.

பொருள்: ஏ.டி.வி. என்னும் வண்டி. பருத்த நான்கு சக்கரம், மோட்டார்சைக்கிள் போன்ற இருக்கை, அதே போன்ற கைப்பிடி, முன்னும் பின்னும் சுமை வைக்க இரும்புத் தட்டு. வரப்பு, கல், சேறு, ஓடை எதிலும் போகும் என்பது விற்பவர் தரப்புக் கூற்று. நிரூபிக்கப்பட வேண்டியது.

இரண்டு கம்பெனிகள் போட்டியில். கம்பெனிப் பெயர்களை இங்கே எழுத வேண்டாம். சிவப்பு, அமெரிக்கா: 'அ'. பச்சை, தைவான்: 'ஆ'.

எடை: அ, முந்நூறு கிலோவைத் தாண்டுகிறது. ஆ, நூற்றெழுபது.
பிரேக்: அ-வில் வலது காலாலும் அழுத்த வேண்டும். ஆ-வில் இரண்டும் கையில். என் வலது கால் எதையும் அழுத்தும் நிலையில் இல்லை. குறித்துக்கொள்க.
சவாரி: இருவருமே 'மெத்தை போல' என்கிறார்கள். ஒருவராவது பொய்.

தேவை: விபத்துக்குப் பின் முழங்காலுக்குள் கம்பி. கோர்ட் வராந்தாவில் தடியூன்றி நடக்கிறேன், வரப்பில் முடிவதில்லை. கீழ்பென்னாத்தூர் நிலத்துக்கு ஆட்டோ கன்னியம்மா வீடு வரைதான் போகும். என் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, எடுத்துப் பயிர் செய்வது கன்னியம்மா. அவள் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் அவள் கொல்லை, அதற்கப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் என் நிலம். தென்னையின் தலை மட்டும் தெரியும். ஆறு வருடங்களாக என் கிணற்றை நான் பார்க்கவில்லை.

லாட்ஜ் கட்ட இடம் தேடும் சென்னைத் தரப்பு தீபாவளிக்குள் பதில் கேட்டிருக்கிறது. விற்றுவிடலாம் என்பது மனைவி வசந்தாவின் நிலை. விற்றால் கன்னியம்மாவுக்கும் பயிர் இல்லை.

இரவு படுக்கையில் மறுபடி அந்தப் பச்சைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். வசந்தா பார்த்துவிட்டாள்.

"ஸ்கூல்ல எங்க அஞ்சாங்கிளாஸ் பசங்க இப்படித்தாங்க கிரிக்கெட் படத்த ஒளிச்சி ஒளிச்சிப் பாப்பாங்க."


13-10-2008, திங்கள்

மூன்று வழக்கிலும் வாய்தா. நல்லது. செங்கம் ரோட்டில் பாஷா பாய் மெக்கானிக் ஷெட்டுக்குப் போக நேரம் கிடைத்தது. விளக்கப் புத்தகங்களை எண்ணெய்க் கை படாமல் நானே விரித்துக் காட்டினேன்.

"பச்ச வண்டி ஸ்கூட்டர் இன்ஜின்தான் வக்கீல் சார். பெல்ட்டும் அதே மாதிரி பெல்ட்டு. பிரிச்சி மாட்டிடுவேன்."

"செவப்பு?"

"அது ராஜா வீட்டு யானை. கால் நோவுன்னா டாக்டர் ஃபிளைட்ல வரணும். செலவு ஜாஸ்தி."

"அப்ப பச்ச ரிப்பேராகாதுன்னு உறுதியா எழுதிக் குடுப்பீங்களா பாய்?"

"நம்ம கேஸ் ஜெயிக்கும்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா சார்?"

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சாட்சியின் நம்பகத்தன்மை பாதிக்கப்படவில்லை.

வசந்தா முட்டைக்கோஸ் வாங்கி வரச் சொன்னது மறந்துவிட்டது.


14-10-2008, செவ்வாய். பௌர்ணமி

கிரிவலக் கூட்டம். பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மாலை முழுவதும் வீட்டில். ஜன்னலுக்கு வெளியே நடப்பவர்களின் பேச்சு. "செருப்ப எங்கடி வுட்ட?" "நீதான புடிச்சிகினு இருந்த?" பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை வரை இதே வழக்கு நடக்கும்.

இவ்வளவு கால்கள். பொறாமை என்று எழுதினால் மிகை. எழுதாவிட்டால் பொய்.

வண்டி பற்றி வசந்தாவிடம் முறையாகப் பேசினேன். முதலில் எனக்குப் பாதகமான செய்தியைச் சொன்னேன்: இந்த வண்டிக்குச் சாலைப் பதிவு கிடையாது, ரோட்டில் ஓட்டக் கூடாது. கன்னியம்மா வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, அவள் கொல்லை வழியாகப் போக உத்தேசம். அவள் சம்மதம் வாய்மொழியாகப் பெற்றாயிற்று. நடுவில் ஓடை அரசுப் புறம்போக்கு. அதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும்.

"அய்யோ, ஓடைய வுடுங்க. நீங்க போய்ப் பாக்க முடியாத நெலத்த எதுக்குங்க கட்டிக்கினு அழணும்? அது ஒண்ணுதான் என் கேள்வி."

"போக முடிஞ்சா?"

வசந்தா ஜன்னலைச் சாத்தினாள். பிறகு, "யாரும் புடிக்காம, தள்ளாம, நீங்களா போயி, கெணத்தப் பாத்துட்டு, நீங்களா திரும்பி வாங்க. அப்பறம் விக்கற பேச்சே நான் எடுக்க மாட்டேன்."

தெளிவான நிபந்தனை. இரு தரப்பும் ஏற்றது. தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தால்தான்.


16-10-2008, வியாழன்

மழை. சென்னை டீலரின் ஆள் பிரதீப் போனில். இரண்டு கம்பெனி வண்டியும் அவர்களிடமே. ஞாயிறு அன்று இரண்டையும் லாரியில் கொண்டுவரச் சம்மதம். சோதனை ஓட்டம் இலவசம். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கட்டாயம் இல்லை என்பதை எழுத்தில் கேட்டேன். தயங்கினான். நானே ஒரு ஒப்பந்தம் தயாரித்தேன், ஒன்பது ஷரத்து. சேதம் யார் பொறுப்பு, மாடு குறுக்கே வந்தால் யார் பொறுப்பு. ஷரத்து நான்கு: செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ளவர் மட்டுமே வண்டியை இயக்கலாம். பிரதீப்பின் லாரி ஆட்கள் ஏறி விளையாடக் கூடாதென்று சேர்த்தது. நல்ல ஷரத்து.

தட்டச்சு செய்த அம்மாள்: "நெலம் ரிஜிஸ்தர்க்கே இவ்ளோ போடல சார் நீங்க."


19-10-2008, ஞாயிறு

என்ன நாள்! வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை: வானம் மூட்டம், மழை இல்லை. ஆட்டோவில் நானும் வசந்தாவும். கன்னியம்மா வீட்டுக்கு முன்னால் லாரி ஏற்கெனவே நிற்கிறது. இரண்டு வண்டியும் இறக்கியாயிற்று. படத்தைவிட நேரில் அழகு. இரண்டுமே.

கன்னியம்மா சுற்றி வந்து பார்த்தாள். "இன்னாங்க வக்கீலய்யா, கட்டிலுக்குச் சக்கரம் வெச்சாப்புல கீது! வாங்கறதுன்னா செவப்பே வாங்குங்க. பெருசா கீது, நாலு பேரு பாத்தா மரியாத."

பிரதீப் கையெழுத்திட்டான். படிக்காமல். கண்டித்தேன்.

முதலில் அ. பிரதீப் ஓட்டினான். ஓடையை ஓடை என்றே மதிக்கவில்லை. கல்மேல் ஏறினாலும் ஆள் குலுங்கவில்லை. சவாரியில் அ-வுக்கே தீர்ப்பு, சந்தேகமில்லை. அப்பால் என் நிலத்து மூலையில், நடவுக்கு உழுது தண்ணீர் கட்டியிருந்த கழனியில், ஒரு முன் சக்கரம் இறங்கியது. பிறகு மற்றது. பிறகு இன்ஜின் வரை. லாரி ஆட்கள் இருவரும் பிரதீப்பும் தள்ளினார்கள். மூவரும் முகத்தில் சேறு. வண்டி அசையவில்லை. பக்கத்துக் கொல்லையில் இருந்து டிராக்டர் வந்து இழுத்தது.

"மரியாத வருது, எல்லாரும் வழி வுடுங்க!" கன்னியம்மாதான். காலையில் தான் சொன்னது ஞாபகமில்லாதவள் போல.

அடுத்து ஆ. என் முறை. தடியை வசந்தாவிடம் கொடுத்தேன். வண்டியில் ஏறக் கல்மேல் நின்றேன். அப்போது ஷரத்து நான்கு நினைவுக்கு வந்தது. விபத்துக்குப் பின் என் உரிமத்தைப் புதுப்பிக்கவேயில்லை. காலாவதி. நானே எழுதிய ஷரத்துப்படி நான் ஏறக் கூடாது.

கல்லில் இருந்து இறங்கினேன்.

"என்ன சார் ஆச்சு?" பிரதீப். சொன்னேன். "சார், இங்க யாரு சார் பாக்கறாங்க?"

"நான் பாக்கறேன்."

வசந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று, "எங்கிட்ட ஸ்கூட்டி லைசன்ஸ் கீதுல்ல?" புடவையை இழுத்துச் செருகி ஏறி உட்கார்ந்துவிட்டாள். விசை வலது கட்டைவிரலில் என்று பிரதீப் சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மாவின் கொல்லையில் பாதி தூரம் போயாயிற்று. கோழிகள் சிதறின. "டீச்சரம்மா! மொளகாச் செடி! மொளகாச் செடி!" திரும்பி வந்தபோது கொண்டை அவிழ்ந்திருந்தது.

"இடுப்பு கழண்டுடுச்சிங்க. அந்தச் செவப்பு மாதிரி இல்ல, தூக்கித் தூக்கிப் போடுது." ஆனால் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருட இல்லறத்தில் அந்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

வண்டியின் தட்டின்மேல் காகிதத்தை வைத்து ஷரத்து நான்கில் திருத்தம் எழுதினேன்: 'உரிமம் காலாவதியானவரும், தனியார் பட்டா நிலத்துக்குள், தம் சொந்தப் பொறுப்பில்.' இரு தரப்பும் சுருக்கொப்பம். ஓடை பட்டா நிலமல்ல என்று எனக்குத் தெரியும். இதை எழுதும்போதும் தெரிகிறது.

"பேனாவ மூடுங்க சாமி, மழ வருது!" கன்னியம்மா.

போனேன்.

கட்டைவிரலால் ஒரு அழுத்து, வண்டி நகர்கிறது. இவ்வளவுதான். காலுக்கு வேலையே இல்லை. கொல்லை வரப்பு, சரிவு, ஓடை. தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை. ஒவ்வொரு கல்லும் முதுகில் ஏறிப் பேசியது. வசந்தா சொன்னது முற்றிலும் உண்மை. நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

கரையேறினால் என் நிலம். அதே நடவுக் கழனியின் ஓரமாகத்தான் வழி. ஆ மேலாகவே மிதந்து போயிற்று. தென்னைக்கு முழு உடம்பும் தெரிந்தது. கிணறு: மூன்றாவது படிவரை தண்ணீர். உள்சுவரில் அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கிறது, வெட்ட வேண்டும். மோட்டார் ரூம் கதவுக்குப் புது நாதாங்கி. கன்னியம்மா போட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவேயில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். தவளைச் சத்தம். மழை என் மூக்குக் கண்ணாடியில்.

திரும்பும்போது அவசரம். மழை வலுத்தது. ஓடையில் போன வழியை விட்டுச் சற்று இடதாக இறங்கிவிட்டேன். பின் சக்கரம் மணலில் சுழன்றது. விசையை அழுத்த அழுத்த இன்னும் கீழே. நின்றது. இறங்கித் தள்ளக் கால் இல்லை. சுற்றிலும் தண்ணீர். எதிர்க்கரையில் எல்லாரும்.

"யாரும் வராதீங்க!" கத்தினேன். நிபந்தனை இருக்கிறதே.

வசந்தா ஏற்கெனவே தண்ணீரில். பின்னால் கன்னியம்மா. ஆளுக்கொரு பக்கம் பின்தட்டைப் பிடித்தார்கள். "தம் கட்டுங்க டீச்சரம்மா. ம்... தூக்கு!" தூக்கிவிட்டார்கள். இரண்டே பெண்கள், நான் மேலே உட்கார்ந்திருக்க. வண்டி துள்ளிக் கரையேறியது.

கரையில் இன்ஜினை நிறுத்திவிட்டு முறைப்படி சொன்னேன்: "வசந்தா, நானா திரும்பி வரல. நிபந்தனை நெறவேறல. சென்னைக்காரங்ககிட்ட நீ பேசிக்கலாம்."

கன்னியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எழுதத் தெரியவில்லை.

வசந்தா புடவை நுனியைப் பிழிந்துகொண்டே நின்றாள். முழங்கால் வரை சேறு. "கண்டிஷன் போட்டது யாரு? நானு. எடுத்துட்டேன், போங்க. மாட்டிக்கினா நாங்க தூக்கற வெயிட்டுல கீதா இல்லியா, அத எழுதிக்கோங்க மொதல்ல."

எழுதிக்கொள்கிறேன்: எடை, ஆ. ரிப்பேர், ஆ. சவாரி, அ, மேல்முறையீடு இல்லை.


20-10-2008, திங்கள்

வெயில். உடம்பெல்லாம் வலி, கோர்ட்டில் உட்காரவே முடியவில்லை. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க விண்ணப்பம். ஆ-வுக்கு முன்பதிவு, பச்சையே.

சென்னைத் தரப்பிடம் நான் பேசுவதற்குள் வசந்தாவே போனை எடுத்துவிட்டாள்.

"இல்லிங்க சார், விக்கறதா இல்ல. ... இல்லிங்க, வெல பத்தி இல்ல. எங்க வீட்டுக்காரரே தெனம் நேர்ல போயிப் பாத்துக்கறாரு."

தினம் என்றாள். நான் திருத்தவில்லை.