உன் ரோடு பாஸ் ஆயிடுச்சு, அக்கா

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தனியா விட்டுட்டுப் போன என் செல்வி அக்காவுக்கு,

உன் ரோடு பாஸ் ஆயிடுச்சு. இதை முதல்ல சொல்லிடறேன். இல்லேன்னா, "கதையளக்காம விசயத்தைச் சொல்லு புள்ள"ன்னு அங்கிருந்தே கத்துவே. உன் பிள்ளைகள் யாரும் நாமக்கல் ஹாஸ்டலுக்குப் போக வேண்டியதில்லை. இப்போ மீதியை நிதானமா கேளு. உன்னை நாலு வார்த்தை திட்டவும் வேண்டியிருக்கு.

உன்னைத் தெரியாதவங்களும் இதைப் படிப்பாங்க, அதனால கொஞ்சம் விளக்கிச் சொல்றேன், பொறுத்துக்கோ. மலை மேலே செம்மேட்டில் காது மெஷின் போட்ட பிள்ளைகளுக்கு நீ பாடம் நடத்தின அந்த ஒற்றை அறைக்கு ஜன்னலே ரோட்டுப் பக்கம்தான். மேடேறும் பஸ்ஸெல்லாம் சரியா அங்கே வந்துதான் கியர் மாத்தும். காது மெஷினுக்கு டீச்சர் குரலும் ஒண்ணுதான், பஸ் உறுமலும் ஒண்ணுதான். ரெண்டையும் பெரிசாக்கிக் காதில் கொட்டும். பிள்ளைகள் மெஷினைக் கழற்றி டெஸ்க்கில் வைத்துவிடும். ஜன்னலைச் சாத்தினால் உள்ளே வேகும்.

நீ எத்தனை ஆபீஸ் படியேறினே, எத்தனை பேர் உன்னைப் பார்த்ததும் பின்வாசல் வழியா ஓடினாங்க! கடைசியில், சத்தத்தை உறிஞ்சும் புது மாதிரி ரோட்டை உன் வகுப்புக்கு முன்னால் மட்டும் போட்டுப் பார்க்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா கண்டிஷன் வைத்தாங்க. சில மாசம் கழித்து அளந்து பார்ப்போம், உறிஞ்சவில்லையென்றால் மேலே சாதா தாரைப் போட்டு மூடிடுவோம், வகுப்பும் கீழே நாமக்கல்லுக்குப் போயிடும் என்று.

போட்டது ஆவணியில். அளந்தது சித்திரையில். நடுவில் மாசியில் மஞ்சக்காமாலை உன்னைக் கொண்டு போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா அக்கா?

ரோடுகளைச் சோதிக்கிறதுதான் என் பிழைப்பு என்பதால் நானே மேலே வந்தேன். எங்க இன்ஜினியர் சாருக்கு நான் உன் தங்கச்சின்னு தெரியும். "முடியுமாம்மா? வேற ஆளை அனுப்பட்டுமா?" என்றார். வேற யாராவது அளந்து ஃபெயில் ஆகியிருந்தா அந்த ஆளோட ஆயுசுக்கும் சண்டை பிடிச்சிருப்பேன். "நானே போறேன் சார்" என்றேன்.

வகுப்பு வாசலில் சின்னப்பொண்ணு நின்றாள். உன் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடும் பக்கத்து வாழவந்தி நாட்டுக்காரி, உன் வகுப்பு மல்லிகாவோட அம்மா. என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "டீச்சரம்மா சாயலே இருக்குதுங்க" என்றவள், அடுத்த மூச்சில் கேட்டாள். "ஏனுங்க, வகுப்பு கீழ போயிருமுங்களா? போயிருச்சுன்னா எம் புள்ள படிப்ப உட்டு நின்னுக்குமுங்க. ராத்திரியில என்னெ உட்டுட்டு அவ தூங்க மாட்டாளுங்க."

"ஒண்ணும் ஆகாதுங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய். அதை ரோட்டு மேல் நட்டமா நிறுத்தி, அடியைச் சுற்றிலும் பட்டி வைத்து அடைக்கணும், ஜன்னல் கண்ணாடிக்கு வைப்பாங்களே, அந்த மாதிரி. மேல்முனை ஸ்பீக்கர் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தத்தை உள்ளே இறக்கும். ரோடு எவ்வளவு குடிச்சது, எவ்வளவைத் திருப்பி அனுப்புச்சு என்று குழாயில் இருக்கிற மைக் சொல்லும். அவ்வளவுதான் வேலை. சத்தம் இறங்கிக் காணாமல் போறதுக்காகத்தான் அந்த ரோட்டை ஓட்டை ஓட்டையா, ஆப்பத்து நடுப்பக்கம் மாதிரி போட்டிருந்தாங்க.

முதல் இடத்தில் அளந்தேன். குடிக்கவே இல்லை. அனுப்பினதெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. நாலடி தள்ளி வைத்தேன். அங்கேயும் அதே கதை. கூட வந்த இன்ஜினியர் சார் டீ குடிக்கப் போயிருந்தார். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

இதை உன்கிட்டே மட்டும்தான் சொல்ல முடியும், ஊரே கேட்டாலும் பரவாயில்லை. பட்டியை ஓர் ஓரத்தில் லேசா நெகிழ்த்திவிட்டால் போதும், சத்தம் அந்த வழியா வெளியே கசிஞ்சிடும். ரோடே குடிச்சிடுச்சுன்னு மெஷின் நம்பிடும். பேப்பரில் பாஸ். விரல் பட்டி வரைக்கும் போயிடுச்சு அக்கா. அப்போ ஒரு பஸ் மேடேறி வந்தது. வகுப்புக்குள் ஒரு பிள்ளை காதைப் பொத்துவது ஜன்னலில் தெரிந்தது. பேப்பரில் பாஸ் ஆகி இந்தப் பிள்ளைக்கு என்ன கேட்கப் போகுது? என் மேலேயே எரிச்சலாகி, திரும்ப ஒழுங்கா வைக்கலாம் என்று பட்டியை மொத்தமா பிய்த்து எடுத்தேன்.

பட்டியோட அடியெல்லாம் உமி.

உமி, தூசி, நடுவில் நாலைந்து ராகி மணி. குனிந்து ஒரு குச்சியால் ரோட்டுத் துளையைக் கிண்டினேன். உமிதான் வந்தது. அடுத்த துளையிலும் உமி. "ஏனுங்க சின்னப்பொண்ணு! இந்த ரோட்டுல யாருங்க ராகி போட்டது?"

அவள் ஓடி வந்தாள். "நாங்கதானுங்க. மார்கழியில கதிரு அறுத்துக் கொண்டாந்து பரப்புனோம். வண்டி ஏறுனா மணி தானா உதுந்துருமுங்க."

"புது ரோடுங்க இது! உங்க பிள்ளைகளுக்காகப் போட்ட ரோடு! யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"டீச்சரம்மாதானுங்க போடச் சொன்னாங்க. கதிரு கெடந்தா பஸ்காரன் மெதுவா போவான், சத்தமும் கொறையும், உங்களுக்கு ராகியும் அடிச்ச மாதிரி ஆவும், போடுங்கன்னாங்க."

அடிப்பாவி அக்கா! இந்த ரோட்டைப் பற்றி எத்தனை தடவை போனில் உனக்கு விளக்கினேன்? ஓட்டை ஓட்டையா இருக்கும் என்று சொன்னேன் இல்ல? ஓட்டைன்னா அடைச்சுக்கும்னு தோணவே இல்லையா? எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா? நட்டநடு ரோட்டில் உட்கார்ந்து சிரிச்சேன். சிரிப்பா அழுகையா என்று சின்னப்பொண்ணுக்குப் புரியவில்லை. "நாங்க தப்புப் பண்ணிட்டமுங்களா?" என்று அவள் கையைப் பிசைந்தாள். "நீங்க இல்லீங்க, எங்க அக்கா" என்றேன்.

சார் வந்ததும் உமியைக் கையில் கொட்டிக் காட்டினேன். "கழுவிட்டு அளங்க. அப்பவும் குடிக்கலேன்னா ஃபெயில்னு எழுதிக் குடுத்துட வேண்டியதுதான்" என்றார். நியாயம்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டி கழுவுகிறவர் கிட்டே போய், தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தேன். அடிக்க அடிக்கத் துளையிலிருந்து பழுப்புத் தண்ணி கொப்புளிச்சு வந்தது, உமி மிதந்து ஓடையா ஓடிச்சு. உன் மார்கழி மொத்தமும் சாக்கடைக்குப் போச்சு.

ஆனா ஈரம் இருந்தால் அளக்க முடியாது, காயணும். மலைக்கு மேலே மேகம் கட்டிக்கொண்டு நின்றது. உனக்குத் தெரியுமே, சித்திரை மழை சொல்லிக்கொண்டா வரும்? மறுநாள் மதியம் வரைக்கும் வானத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். சின்னப்பொண்ணு கொண்டுவந்த சோறு இறங்கவில்லை. மழை எங்கேயோ அந்தப் பக்கம் பெய்துவிட்டுப் போயிடுச்சு.

குழாயை நிறுத்தினேன். பட்டியை ரெண்டு தடவை அழுத்தி வைத்தேன், ஒரு நூல் இடைவெளி இல்லாமல். சத்தம் இறங்கியது. திரும்பி வரவில்லை அக்கா. வந்தது கொஞ்சமே கொஞ்சம். தள்ளி வைத்தேன், அங்கேயும் குடித்தது. எல்லா இடத்திலும் குடித்தது. சாரே குனிந்து பட்டியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். "பாஸ்மா" என்றார். மாசியிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அப்போதான் இறங்கிச்சு. உனக்குக் கொள்ளி வைத்த அன்னைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

சாயங்காலம் உன் வகுப்புக்குள் போனேன். ஜன்னலை அகலமாத் திறந்து வைத்தேன். மல்லிகா முன் பெஞ்சில் இருந்தாள், மெஷின் காதில் இருந்தது. உதட்டைப் பார்த்துவிடக் கூடாது என்று ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டேன். வெளியே பஸ் மேடேறுது, கியர் மாத்துது. "உங்க டீச்சர் எங்கே கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "செத்துப் போயிட்டாங்க" என்றாள். "உங்களுக்குத் தெரியாதா?"

அத்தனையும் கேட்டிருக்குக்கா. ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கு.

வர்ற மார்கழியில் லீவு போட்டுட்டு மேலே வந்துடுவேன். கதிரோடு வர்ற சனத்தை நானே பாறைப் பக்கம் போய்க் கதிரடிக்கத் திருப்பி விடறேன். வருஷா வருஷம் வருவேன், ரோட்டைக் கழுவிட்டு அளப்பேன், எந்த வருஷமும் உன் பிள்ளைகள் கீழே போக விடமாட்டேன். இது சத்தியம்.

உன்னைத் திட்டிக்கொண்டே உன் வேலையைப் பார்க்கிற,
உன் கூடப்பொறந்த சின்னவ,
கமலா