பாய் படிக்காமல் விட்ட ஒரு விரல் கனம்

என் பிரியத்துக்குரிய ஜமால் பாய்,

நல்லாயிருக்கீங்களா என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். அதைக் கேட்காமல் நாம் ஒருநாளும் பேச்சைத் தொடங்கியதில்லையே. இப்போது எதைக் கேட்டுத் தொடங்குவது? நான் சொல்லச் சொல்ல மருமகள் கவிதா எழுதுகிறாள். நம் வாசகர் குழுவில் இருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களுக்குத் தெரியாமல் நமக்குள் என்ன இருந்தது?

மேச்சேரியில் இன்னும் மழை இல்லை. செவலை ஆடு இரட்டைக்குட்டி போட்டிருக்கிறது. நீங்கள் இருந்தால், "போனைக் கிட்டக் கொண்டு போங்கண்ணா, கத்தறதக் கேக்கோணும்" என்று சொல்லியிருப்பீர்கள். குட்டிகள் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. நான் யாருக்கும் போனைக் கிட்டக் கொண்டு போகவில்லை.

நாம் பழகினது எப்படி என்று குழுவில் பின்னால் சேர்ந்தவர்கள் கேட்கிறார்களாம். கவிதாதான் முதலில் அந்தக் குழுவில் சேர்ந்தாள். சமைக்கும்போது போனில் அவர்கள் கதையைப் பற்றிப் பேசுவதை ஓடவிடுவாள். நான் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள் போனை வாங்கி, "ஏனுங்க, அந்தப் புள்ள அப்புறம் ஊட்டுக்குத் திரும்பி வந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்.

"படிச்சுப் பாருங்கண்ணா."

"எனக்குப் படிப்பு இல்லைங்க பாய். கைநாட்டு."

"அப்பக் காதைக் குடுங்க. நான் படிக்கிறேன்."

அவ்வளவுதான். மறுநாள் காலையிலிருந்து ஓமலூரில் உங்கள் தார்ப்பாய்க் கடையில் உட்கார்ந்து நீங்கள் படித்து, குரலைப் பதிந்து அனுப்புவீர்கள். நான் போனைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் போவேன். கதையில் ஒரு கிழவர் செத்துக்கொண்டிருப்பார், நடுவில் யாரோ லாரிக்காரர் வந்து, "முப்பதடிக்கு நாப்பதடி என்ன வெலைங்க பாய்?" என்பார். நீங்கள் விலை சொல்லி, அவர் குறைத்துக் கேட்டு, "கட்டுபடியாகாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, திரும்பி வந்து அந்தக் கிழவரைச் சாகவிடுவீர்கள். எனக்கு எழுத்து இல்லாததால் மறதியும் இல்லை. எந்தக் கதையில் எந்த லாரிக்காரர் வந்தார் என்பதுகூட நினைவிருக்கிறது.

நம் குழுவின் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. முந்திப் படித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசி ஆள் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் முடிவைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கப்புறம்தான் அடுத்த புத்தகம். எப்போதும் கடைசியில் வருவது நாம்தான். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு ஒரிசாவில் கிடக்கும் திருச்செங்கோட்டுச் சரவணன் கேலி செய்வான். "தாத்தா, நானு ரெண்டு தடவ படிச்சு முடிச்சுட்டேன். வாய் நமநமங்குது. சொல்லிரட்டுங்களா?" "சொல்லுடா பாக்கலாம், உன்ற வண்டிக்குத் தண்ணியே கெடைக்காது" என்பேன். சேலத்தில் தையல் கடை வைத்திருக்கும் பிலோமினா ஒருமுறை உங்களை மடக்கினது. "பாய், உண்மையச் சொல்லுங்க. நீங்க மட்டும் திருட்டுத்தனமா கடைசிப் பக்கத்தப் பாத்திருப்பீங்க." "அண்ணன உட்டுட்டு நான் மட்டும் எப்படிங்க போறது?" என்று நீங்கள் சொன்னபோது குழுவே சிரித்தது. ஆனால் அது நிஜம். நான் கேட்கும் வரியைத்தான் நீங்களும் முதல்முதலாகப் படித்தீர்கள். எத்தனை இடத்தில் என்னோடு சேர்ந்து நீங்களும், "அடக் கடவுளே" என்றிருக்கிறீர்கள்!

கடைசியாக எடுத்த புத்தகத்தில், நீங்கள் படித்து நிறுத்தின இடத்தில் ஒரு தாய் சிறை வாசலில் நிற்கிறாள். மகனைப் பார்க்க அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். காவலாளி பெயரைக் கேட்டு உள்ளே போகிறான். அந்நேரம் உங்கள் கடைக்கு யாரோ வந்தார்கள். "இருங்கண்ணா, வாரேன்" என்றீர்கள். அதோடு நின்றுபோயிற்று.

மறுநாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் வாய்விட்டுப் பேசவில்லை. உங்கள் மகன் உங்கள் போனிலிருந்தே குழுவில் செய்தி போட்டிருக்கிறான். எழுத்தில். கவிதா தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பார்த்தேன்: உங்கள் படம், கீழே வரி வரியாக எழுத்து. எனக்கு எழுத்தை அனுப்பாத ஒரே மனுசன் நீங்கள்தான் பாய். தொண்டை கட்டிவிட்டது போல என்று நினைத்தேன். மைக்கை அமுக்கி, "என்னங்க பாய், எனக்குப் போயி எழுத்துல அனுப்பறீங்க? தொண்டை புண்ணுங்களா? மொளகு கசாயம் வச்சுக் குடிங்க. மெதுவா வாங்க, அந்தம்மா செயிலு வாசல்லதான் நிக்கும், எங்கியும் ஓடிராது" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினேன்.

உங்கள் சாவுச் செய்திக்குக் கீழே என் சிரிப்பு.

எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் பிலோமினாதான் கூப்பிட்டு, "அப்பா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டது. ஒருத்தருமில்லை. ஆடுதான் இருந்தது.

ஓமலூருக்குப் பஸ் ஏறி வந்தேன். அதற்குள் உங்களை அடக்கம் பண்ணிவிட்டார்கள். இத்தனை காலப் பழக்கத்தில் உங்கள் முகத்தை நேரில் பார்த்ததில்லை. அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. உங்கள் மகன் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். "அத்தா உங்களுக்குன்னுதான் படிப்பாங்க. மேச்சேரி அண்ணன் காத்திருப்பாருன்னு டீயக்கூட ஆறப் போட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தான். நடுவில் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை அடையாளத்துக்கு வைத்திருக்கிறீர்கள். அதற்கப்புறம் இருக்கும் தாளை விரலால் அளந்து பார்த்தேன். ஒரு விரல் கனம் மிச்சம். எனக்குத் தெரிந்த முடிவு அவ்வளவுதான்.

பிறகு எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த புத்தகம் எடுக்கவில்லை. பிலோமினா மிச்சத்தைப் படித்து அனுப்பியது. கடையைச் சாத்தி, மிசினை நிறுத்தி, ஃபேனைக்கூட அணைத்துவிட்டுப் படித்ததாம். தங்கமான குரல். ஆனால் ஹாரன் சத்தமில்லை, பேரம் பேசுபவர் இல்லை. வெறும் கதை மட்டும் வந்தது. காவலாளி திரும்பி வருகிற காலடிச் சத்தம் என்று அது படிக்கவும் நான் நிறுத்திவிட்டேன். இன்றுவரை திரும்பத் தொடவில்லை.

குழு ஓய்ந்துபோயிற்று. ஒவ்வொருவராக விலகிப்போவதைக் கவிதா படித்துச் சொல்வாள். ஒருநாள் கோபமாகவே கேட்டாள். "ஏன் மாமா, பாய் இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்குவாருங்களா? உங்க ஒருத்தருக்காக எல்லாரும் வாயக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க." அவர்கள் கடைசி ஆள் நான் என்று நினைக்கிறார்கள். எனக்குப் பின்னால் நீங்கள் நிற்பதை யார் எண்ணிப் பார்த்தார்கள்? நீங்கள் எப்போது வந்து சேர்வீர்கள், பாய்?

அதனால் இன்று காலை குழுவில் பேசினேன். "சாமிகளா, நானு இங்கியே எறங்கிக்கறேன். என்னையக் கணக்குல வெக்க வேண்டாம். முடிவைப் பேசுங்க, அடுத்த பொஸ்தவம் எடுங்க." சரவணன், "தாத்தா, அப்படிச் சொல்லாதீங்க" என்றான். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். அடக்கி வைத்திருந்த பேச்சல்லவா? போன் ஓயாமல் ஒலித்தது. நான் தொடவில்லை. கவிதா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். அவள் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று பட்டிக்குப் போய்விட்டேன்.

மனசு இலேசாகவில்லை, பாய். ஆகும் என்று நினைத்துத்தான் செய்தேன். காது இருந்து என்ன பயன் என்றுதான் தோன்றுகிறது.

இதை எழுதுகிற கைக்கு அந்த மகன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்று தெரியும். இதைப் படிக்கப் போகிறவர்களுக்கும் தெரியும். தெரியாதவர்கள் நீங்களும் நானும்தான். உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு நான் சாக மாட்டேன். இது சத்தியம்.

கூடப் பிறக்காமலே நீங்கள் அண்ணன் என்று கூப்பிட்ட,
மேச்சேரி பச்சமுத்து