யெலேமியாவின் பெயர்

மம்ப்வே
4 ஜூலை 1996

அன்புள்ள டலிசோ,

இங்கே நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. நீ கேட்கப் போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா போய் ஓராண்டாகிறது. யெலேமியா என்ற அவர் பெயரை ஏற்று அவர் இடத்தில் உட்கார இன்னும் யாரும் வரவில்லை. "பேரு காலியா கெடந்தா கண்டதும் வந்து குந்திக்கும், அண்ணி" என்று உன் தெலெசா அத்தை தினமும் வந்து சொல்கிறாள். ஆயுள் முழுதும் விலங்கியல் கற்பித்த எனக்கு இதில் நம்பிக்கையில்லை. ஆனால் சாகும்போது அவர் உன்னைத்தான் சொன்னார். ஆகஸ்டில் சடங்கு. வந்து ஏற்றுக்கொள்.

உன் சுற்றுலா முகாமுக்குச் சாமான் கொண்டுவரும் ஓட்டுநர் ஒன்று சொன்னான். வெள்ளைக்காரர்களுக்கு நீ காட்டும் கிழட்டுச் சிங்கத்துக்கு யெலேமியா என்று பெயரிட்டிருக்கிறாயாம். பொருத்தம்தான், உன் அப்பாவும் பெண்கள் கொண்டுவந்ததைத் தின்றுவிட்டு நிழலில் படுத்திருந்தவர்தான். ஆனாலும் கேலி மட்டமானது.

அம்மா
எஸ்நாத்

*

லுவாங்வா, அக்கரை முகாம்
20 ஜூலை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்காலுக்கு முதலில் வணக்கம்.

அது கேலியில்லை, அம்மா. ஜீப்பிலிருந்த ஒரு பெண்மணி அதன் பெயரைக் கேட்டார். கறுத்த பிடரி, அப்பாவைப்போலவே இழுத்து நடக்கும் இடது பின்னங்கால். என் வாயில் அப்பா பெயர் வந்துவிட்டது. சிங்கம் தலையைத் திருப்பி, ஜீப்பில் அத்தனை பேர் இருக்க, என்னை மட்டும் பார்த்தது.

அன்றுமுதல் எந்தத் தடத்தில் போனாலும் அவர் முன்னால் நிற்கிறார். அவர் வந்தால் மான்கள் ஓடுவதில்லை; எச்சரிக்கைக் குரலும் கொடுப்பதில்லை. பெரியவர் ஒருவருக்கு வழிவிடுவதுபோல விலகி நிற்கின்றன. பயணிகளுக்கு ஒரே மகிழ்ச்சி. அதனால் மேலாளர் எனக்கு விடுப்புத் தரமாட்டார்.

பெயரை அத்தை மகன் மாத்தியாஸுக்கே கொடுத்துவிடுங்கள். உயிரோடிருந்தவரை என்னை ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைக்காதவரின் பெயர் எனக்கு எதற்கு?

உங்கள்
டலிசோ

*

மம்ப்வே
19 ஆகஸ்ட்

டலிசோ,

சடங்கு நடந்தது; முடியவில்லை. மாத்தியாஸைப் பாயில் உட்காரவைத்துச் சோள பீர்ச் சட்டியைக் கையில் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர் "யெலேமியா" என்று அழைத்தார். அவன் வாய் திறக்குமுன் ஆற்றின் அக்கரையிலிருந்து பதில் வந்தது, ஒரு கர்ஜனை.

மாத்தியாஸ் சட்டியைக் கீழே வைத்தான். "வேற ஆளு பதில் சொல்லிட்டாரு. ஆள் இருக்கற நாற்காலியில நான் உக்காரமாட்டேன்."

"உக்காருடா, பீர் புளிச்சுடும்" என்றாள் அத்தை.

"அப்ப நீயே உக்காரும்மா."

சிங்கம் நண்பகலில் கர்ஜிப்பது அரிது, நடக்காததல்ல. இதை அவர்களிடம் சொன்னேன். பிறகு எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

சிங்கத்துக்குப் பெயரைக் கொடுத்தவனே துப்பாக்கியில்லாமல் நடந்துபோய் அதைத் திரும்பக் கேட்கவேண்டும் என்கிறார்கள். அதைச் செய்யாதே. அது பசிக்கும் விலங்கு. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா.

அம்மா

*

அக்கரை முகாம்
7 செப்டம்பர்

அம்மா,

போனேன். புளியமரத்தடியில் படுத்திருந்தார். "அப்பா, பேரத் திருப்பிக் குடுத்துருங்க" என்றேன். எழவில்லை. தொண்டைக்குள் மெல்ல ஒரு சத்தம் எழுப்பினார்.

அது என் பெயர், அம்மா. நான் தவறாகக் கேட்கவில்லை.

நாளை மறுபடி போகிறேன்.

டலிசோ

*

மம்ப்வே
23 நவம்பர்

அன்புள்ள மகனுக்கு,

உன் மேலாளர் வந்து உன் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உன்னைத் தேடிய இடத்திலெல்லாம் இரத்தமில்லை, எலும்பில்லை என்றார். ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

கிழச் சிங்கத்தோடு இப்போது ஓர் இளஞ்சிங்கமும் நடக்கிறதாம். உன் இடத்துக்கு வந்திருக்கும் வழிகாட்டி என்னிடம் வந்தான். "டீச்சர், பயணிங்க பேர் கேக்கறாங்க. உங்க புள்ள பேர வெச்சுக்கட்டுமா?" என்றான்.

"வெச்சுப் பாரு. நாக்க அறுத்துடுவேன்" என்றேன்.

அத்தை சாவுச் சடங்கு செய்யச் சொல்கிறாள். மறுத்துவிட்டேன். செய்தால் அடுத்த ஆண்டு உன் பெயரையும் யாருக்காவது கொடுக்கச் சொல்வார்கள். அது உன்னிடமே இருக்கட்டும்.

நேற்று மாலை அக்கரையில் இரண்டும் நின்றன. பெரியது நீர் குடித்தது. சிறியது குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உன் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்திருக்கலாம். திரும்பிப் போயிருந்தால் அது வெறும் சிங்கம். ஆற்றில் இறங்கியிருந்தால்? இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. வகுப்பில் ஒரு மாணவன் இப்படிச் சொல்லியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இந்த உறையின்மேலும் உன் பெயரை விட்டுவிட்டு முகாமின் பெயரை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

அம்மா