மீல் மேக்கர் மேல் போட்ட பழி

மார்ச் 3
தக்காளி பறிக்கையில் மறுபடியும் அந்தச் சூடு. காதோரம் கிளம்பி, கழுத்தெல்லாம் வேர்வையில் நனைந்துவிட்டது. தீட்டு நின்று மூன்று வருஷம், இது மட்டும் போக மாட்டேன் என்கிறது. பக்கத்துக் காட்டு வெண்மதி, "சோயா சாப்பிடுங்கக்கா, ஹார்மோனை ஏத்துமாம்" என்றாள். போனில் பார்த்தாளாம். சாயங்காலமே பாலக்கோட்டில் மீல் மேக்கர் வாங்கிவிட்டேன்.

மார்ச் 11
குழம்பு, பொரியல், பிரியாணி – எல்லாத்திலும் மீல் மேக்கர். வூட்டுக்காரர் தட்டைப் பார்த்து, "ஹார்மோன் உனக்குத்தானே, எனக்கெதுக்கு?" என்றார். தின்னுங்க, முகம் பளபளன்னு ஆகும் என்றேன். மறுசோறு வாங்கினார் மனுஷன்.

மார்ச் 24
சூடு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி. நிஜமா, என் ஆசையா?

ஏப்ரல் 2
உள்பாவாடையில் ரத்தக்கறை. வெண்மதிக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா, சோயா வேலை செய்யுது. வயசு திரும்புதுங்கக்கா." சிரிச்சிட்டு வந்தேன். வூட்டுக்கு வந்ததும் கறையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நின்னது திரும்பலாமா? அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

ஏப்ரல் 3
சொல்லிவிட்டேன். தக்காளிப் பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். "கிளம்பு தீர்த்தா, பஸ் வந்துரும்."

தருமபுரி டாக்டரம்மா மீல் மேக்கர் கதையைப் பொறுமையாகக் கேட்டார். "சோயாவுல ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஒண்ணு இருக்கும்மா, ரொம்ப பலவீனமானது. சாப்பாட்டுல சேர்க்கிறதால ஹார்மோன் அளவு பெருசா மாறாது. சிலருக்குச் சூடு கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். தீட்டு நின்னவங்களுக்கு மறுபடி ரத்தம் பட்டா, சோயா மேல பழியைப் போட்டுட்டு வூட்ல இருக்கக் கூடாது. சொட்டுன்னாலும் வந்து காட்டணும்."

ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி.

ஏப்ரல் 9
எடுத்துவிட்டார்கள். சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்றைக்கு அவர்தான் சமையல். சோறு களியாகிவிட்டது. ரெண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 20
புற்று இல்லை!

பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் ஆளுக்கொரு மசால் தோசை. அவர் தோசையைப் பிய்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நல்லா பளபளன்னுதான் இருக்க" என்றார். இந்த வயசில் வெட்கமாப் போச்சு.

மே 5
களை எடுக்கையில் எல்லாப் பெண்களுக்கும் என் கதையைச் சொன்னேன். வெண்மதி, "நான் ஒரு கூறுகெட்டவக்கா" என்று தலையில் தட்டிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சாலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் போனபின் கிட்ட வந்தாள். "எனக்கும் ஆறு மாசமா அப்பப்ப படுதுக்கா. யார்கிட்டயும் சொல்லல."

மே 6
காலை பஸ்ஸில் சாலம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அறை வாசலில் அவள் பேரைக் கூப்பிட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் உள்ள வாக்கா."

போனேன்.